மேசையில் மூன்று நாள் இருந்த தந்தி

தந்திக்காரர் சூசை சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, தோல்பையைத் திறந்து, மடித்து ஒட்டிய அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். பிறகு கையெழுத்துப் போடுகிற கொப்பியையும் பென்சிலையும் நீட்டினார். போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாதபடி விழுந்தது.

சோளகக் காற்று தொடங்கிவிட்ட காலம். கரம்பொன் ஒழுங்கை முழுக்க மண் பறந்துகொண்டிருந்தது. சூசை ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்த பிறகும் அவர் போகவில்லை.

“மாஸ்ரர், பிரிச்சுப் பாக்கேல்லையோ?” என்று கேட்டார்.

“பிறகு பாக்கிறன்.”

“இப்பவே ஒருக்காப் பாத்திட்டு வையுங்கோ.”

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன். வீட்டுக்காரர் கதிரவேலர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி பின்னால் குசினியில் இருந்தார். தந்தியை என் மேசையில், எழுதி முடித்த தாள்களின் மேல் வைத்தேன். காற்றில் போய்விடாமல் அதன்மேல் மைப்போத்தலை வைத்தேன். பிறகு கதிரையில் உட்கார்ந்து, பாதியில் நின்ற வசனத்தை எழுதி முடித்தேன்.

அந்த வசனம் இன்றைக்கும் என் புத்தகத்தில் இருக்கிறது. நெடுந்தீவில் ஒரு கிணற்றின் ஆழத்தைப் பற்றிய வசனம். வாசிப்பவர்களுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது.

புத்தகம் முடிக்கிற வீடு

போன வாரம் இந்தத் தொடரில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று மாதம் தங்கி எழுதக் கிடைத்த வாய்ப்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன். மலையடிவாரத்தில் தனி வீடு, வேளைக்குச் சாப்பாடு, யாரும் கதவைத் தட்டாத ஏற்பாடு. அதை வாசித்த அன்பர் ஒருவர், நம்மவர்களுக்கு இப்படி யார் செய்தார்கள் என்று ஆதங்கப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்த அத்தியாயம். செய்தார்கள் ஐயா. எங்கள் தீவுப்பகுதியிலேயே, கரம்பொன் என்ற ஊரில், ஒருவர் செய்தார். எழுபதுகளின் நடுப்பகுதியில், பெரிய அறிவித்தல் ஒன்றும் இல்லாமல் செய்தார். அந்த வீட்டில் நான் மூன்று மாதம் இருந்தேன். இத்தனை வருடமாக அதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

கதிரவேலர் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தாராம். இருபது வருடமாக ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்த மனிதர். மகர வரிசைக்கு வருவதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, கப்பலில் ஏற்றி, கரம்பொன்னுக்குக் கொண்டுவந்தவர் கதிரவேலர். பெட்டி அவர் வீட்டு அலுமாரியின் மேல் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரும். கூட்டாளியின் மேல் கோபமா, காலன் மேல் கோபமா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் திட்டம் பிறந்தது. பிள்ளைகள் எல்லோரும் வெளியூர் போய்விட்டார்கள். வீட்டின் முன்னறை சும்மா கிடந்தது. எழுதி முடிக்காத புத்தகம் உள்ள ஒருவருக்கு அந்த அறையை மூன்று மாதம் கொடுப்பது. இரண்டு வேளை மரக்கறிச் சாப்பாடு, ஒரு தேத்தண்ணி. சொந்தபந்தம் வந்து பார்க்கக்கூடாது. மூன்று மாதம் முடிந்தால் அடுத்த ஆள்.

புத்தகம் தொடங்கப்போகிறவனுக்கு இடமில்லை. அதில் அவர் கண்டிப்பாக இருந்தார். “தொடங்க ஆருக்கும் ஏலும். முக்கால்வாசி எழுதிப்போட்டு மாட்டுப்பட்டுக் கிடக்கிறவன் ஆரெண்டு சொல்லும்” என்பாராம், ஆள் தேர்ந்தெடுக்க உதவிய ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரிடம். அப்படி மாட்டுப்பட்டுக் கிடந்தவர்களில் ஒருவனாக என் பெயர் போயிற்று. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் துணிமணியைக் கட்டிக்கொண்டு போனேன்.

பின்னேரம் சாமியறையில் விளக்கு வைத்த கையோடு கதிரவேலர் விறாந்தைக்கு வருவார். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, “இண்டைக்கு எத்தினை பக்கம்?” என்று கேட்பார். மூன்று என்றால் தலையாட்டுவார். ஒன்று என்றால் அலுமாரிப் பக்கம் திரும்பித் தகரப் பெட்டியைப் பார்ப்பார். அதற்குப் பயந்து நான் சில நாட்களில் எழுத்தைப் பெரிதாக்கி எழுதியிருக்கிறேன்.

ஊர்ச்சனம் அந்த வீட்டைப் ‘புத்தகம் முடிக்கிற வீடு’ என்றார்கள். கடைக்குச் சவர்க்காரம் வாங்கப் போனாலும் முடிந்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கண்ட நோயாளியிடம் கேட்கிற குரல் அது. நானும் நோயாளி மாதிரியே, இன்னும் இல்லை, இந்தக் கிழமை கொஞ்சம் பரவாயில்லை என்று பதில் சொல்லிவிட்டு வருவேன்.

கிணறும் சின்னையாவும்

என் புத்தகம் தீவுப்பகுதிக் கிணறுகளைப் பற்றியது. கிணற்றின் கட்டுமானம் பற்றியல்ல, பங்கு பற்றியது. எங்கள் பக்கத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் ‘கிணற்றில் எட்டிலொரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு கிணற்றுக்கு நாலு வீடு, எட்டு வீடு சொந்தம். யாருக்கு எந்த நாள் தண்ணீர் அள்ளுகிற முறை, முறை தவறினால் என்ன, மழை பொய்த்த வருடத்தில் என்ன என்று ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. எழுதாத சட்டம். அதை எழுதப்போகிறேன் என்று எட்டு வருடமாகத் தீவு தீவாக அலைந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் என்னைக் கிணற்றடி வாத்தியார் என்று பகிடி பண்ணுவார்கள். மனைவிக்கும் பொறுமை முடிந்துவிட்டது. இந்த விடுமுறையை எடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை. இதற்குமேல் ஒருநாளும் தரமுடியாது என்று அதிபர் முகத்துக்கு நேரே சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். ஆகவே அந்த அறையில் முடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் கண்விழித்தேன்.

இரண்டரை மாதத்தில் மற்றதெல்லாம் ஒருவாறு முடிந்தது. மிஞ்சியது கடைசி அத்தியாயம், நெடுந்தீவு. அதை எனக்குச் சொன்னவர் சின்னையா.

சின்னையா என் அப்பாவின் தம்பி. அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். என்னைப் படிப்பித்து ஆளாக்கியது சின்னையா. நெடுந்தீவில் மாடும் தோட்டமும் பனங்காணியுமாக இருந்தவர். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். கிணற்றைப் பற்றிக் கேட்கப் போனபோது, “உயிரோட இருக்கிறவனைச் சுகமோ எண்டு கேக்கேல்லை, செத்தவன்ர கிணத்துப் பங்கைக் கேக்க வந்திட்டாய்” என்று படலையிலேயே தொடங்கினார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவும் மறந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தார்.

அவர் சொன்னது நாலு குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு கிணற்றின் கதை. கொடிய வறட்சி வருடம் ஒன்றில், ஊற்று அடங்கி, ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்குக்கூடத் தண்ணீர் போதாமல் வந்தது. அப்போது ஒரு குடும்பம் தன் முறையைத் தானாகவே விட்டுக்கொடுத்து, அயல்வீட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றியதாம். என் கடைசி அத்தியாயம் முழுவதும் அந்தக் கதையின் மேல்தான் நின்றது. பங்கு என்பது பிடித்துவைக்க மட்டுமல்ல, விடவும்தான் என்று காட்டி நூலை முடிக்க எண்ணியிருந்தேன்.

நான் கரம்பொன்னுக்குப் போன இரண்டாம் மாதம் சின்னையாவின் மகள் மனோவிடமிருந்து கடிதம் வந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவள், கூடப்பிறக்காத தங்கச்சி. ‘ஐயா படுக்கையில் விழுந்துவிட்டார், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் புத்தகத்தை முடியுங்கோ’ என்று எழுதியிருந்தாள். அன்றிலிருந்து ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் பேனையைக் கீழே வைத்துவிடுவேன். மணி வீட்டைத் தாண்டிப் போனபிறகுதான் பேனையைத் திரும்ப எடுப்பேன்.

காதில் விழுந்தால்தான்

எனக்கு முன்னர் அந்த அறையில் ஒரு பண்டிதர் இருந்தார். பழைய நூலொன்றுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் முடித்திருப்பாராம்.

ஒருநாள் அவருடைய உறவுக்காரர் ஒருவர் படலையில் நின்று, பெரியப்பா மகன் மோசம் போய்விட்டதாக உரத்துச் சொல்லிவிட்டார். பண்டிதருக்குச் சாவுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, வந்துவிட்டது. தகப்பன் வழிச் சாவென்றால் முப்பத்தொரு நாள். எழுதுகிற அறைக்கும் சாமியறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். துடக்கோடு அந்தக் கூரைக்குக் கீழே யாரும் இருக்கக்கூடாது என்பது கதிரவேலரின் சட்டம். மலாயாவில் எத்தனை வருடம் இருந்தும் அந்தச் சட்டத்தில் அவர் ஓர் அங்குலம் இளகவில்லை. பண்டிதர் அன்றைக்கே மூட்டையைக் கட்டினார். துடக்குக் கழிய முன்னமே அவருடைய தவணை முடிந்தது. உரை இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

இதை எனக்குச் சொன்னவர் கதிரவேலரின் மனைவி. நாங்கள் பெரியக்கா என்போம். சோறு போட்டுக்கொண்டே சொன்னார். கதையை முடித்துவிட்டு, “காதில விழுந்தாத்தானே தம்பி துடக்கு. அந்த மனிசன் படலையில நிண்டு கத்தாமல் ஒரு கடிதத்தைப் போட்டிருந்தால், பண்டிதர் எழுதி முடிச்சிட்டு ஆறுதலாப் பிரிச்சிருப்பார்” என்றார்.

பண்டிதருக்காக இரங்கிச் சொன்ன சொல் அது. நான் அதைச் சொதியோடு சேர்த்து விழுங்கி, ஞாபகமாக வைத்துக்கொண்டேன்.

இப்போது விளங்கும், தந்தி ஏன் மைப்போத்தலுக்குக் கீழே போனதென்று. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளுக்குத் தந்தி வந்தால் சாவுதான். நல்ல செய்தி கடிதத்தில் வரும். சின்னையா போய்விட்டார் என்று நான் தீர்மானித்தேன். கொள்ளி வைக்க அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். நான் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்திருக்கும். பிரித்தால் போனவர் வரப்போவதில்லை. ஆனால் பிரித்த நிமிடமே எனக்குத் துடக்கு. வீட்டை விட்டு இறங்கவேண்டும். தவணையில் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். முதலாம் திகதி அடுத்த ஆள் வருகிறார். எட்டு வருட வேலைக்குப் பண்டிதரின் கதிதான்.

பிரிக்காவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவனுக்குத் துடக்கில்லை. இப்படி ஒரு நியாயத்தை நான் எனக்குச் சொன்னேன். படித்தவன், நாலு பேருக்குப் படிப்பிக்கிறவன் சொன்னேன்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை

தெரியாதென்று சொல்லிக்கொண்டேனே தவிர, உடம்பு அதை நம்பவில்லை.

புதன் காலை குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல சாமியறை வாசலுக்குப் போனவன் அப்படியே திரும்பிவிட்டேன். திருநீற்றுக் குடுவையைத் தொடக் கை வரவில்லை. துடக்குக்காரன் தொட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. துடக்கில்லாதவன் ஏன் தொடாமல் போகிறான்?

அன்று பின்னேரம் கதிரவேலர் பக்கக் கணக்கைக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்ன, நெத்தி வெறுமையாக் கிடக்கு?” என்றார். குளிக்கப் பிந்திவிட்டது என்று ஏதோ சொன்னேன். மறுநாள் என் பெட்டிக்குள் கிடந்த ஒரு சிறு பொட்டலத்திலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். அது சின்னையா எப்போதோ கோயிலில் வாங்கித் தந்தது.

வியாழன் மத்தியானம் பெரியக்கா சோறு போட்டபடி, செவ்வாய்க்கிழமை யாரோ படலையில் நின்றது போலிருந்ததே என்றார். கடிதம் என்றேன். யாரிடமிருந்து என்று அவர் கேட்கவில்லை. அகப்பையில் எடுத்த கறியை ஒரு கணம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு போட்டார். தெரிந்துகொண்டுதான் போட்டாரா என்று யோசித்து யோசித்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது. மூன்று மாதத்தில் அப்படி எழுதியதே இல்லை. ஒரு நாளைக்கு ஆறு பக்கம், ஏழு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. சின்னையாவின் கிணறு, நாலு குடும்பம், வறட்சி, விட்டுக்கொடுத்த வீட்டுக்காரி வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நின்றது. தாள் மாற்றும்போதெல்லாம் மைப்போத்தலை எடுத்து, தந்தியை நகர்த்தி, எழுதிய தாளை அதற்குக் கீழே வைத்து, திரும்ப மைப்போத்தலை வைத்தேன். இருபது தடவையாவது அப்படி அதைத் தொட்டிருப்பேன். ஓரம் கொஞ்சம் ஒட்டு விட்டிருந்தது. நாக்கால் நனைத்து ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் கடைசி வசனத்தை எழுதி, கீழே கோடு இழுத்தேன். சந்தோசம் ஒன்றும் வரவில்லை. உடனே தந்தியைப் பிரித்தேன்.

ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள். ஐயாவுக்குக் கடுமை, உங்களைக் கேட்கிறார், உடனே வாருங்கள். கீழே மனோவின் பெயர்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். சாவு என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

குறிகாட்டுவான் துறை

கதிரவேலர் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். தந்தியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தந்தித் தாளின் தலைப்பில் தபால் கந்தோர் முத்திரை இருக்கும். திகதியும் நேரமும் அதில் தெளிவாக விழுந்திருக்கும். அது அவர் கையில் போன பிறகுதான் எனக்கு அந்த ஞாபகம் வந்தது.

வாசித்து முடிக்க எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முத்திரை உள்ளே போகிற மாதிரி மடித்து என்னிடம் தந்தார்.

“முடிச்சிட்டீரோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“தாளுகளை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுப் போம். காத்துக்குப் பறந்திடும்.”

அவர் படலைவரை வரவில்லை.

வேலணைக்கு ஒரு பஸ், அங்கிருந்து புங்குடுதீவு தாண்டிக் குறிகாட்டுவான் துறைக்கு இன்னொரு பஸ். இரண்டாவது பஸ் வரப் பிந்திவிட்டது. துறைக்குப் போனபோது நெடுந்தீவுக்கான கடைசி மோட்டர் வள்ளம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது மறுநாள் காலைதான், அதுவும் காற்று விட்டால் என்றார்கள். புங்குடுதீவில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வீட்டில் தங்கினேன். அவர் கேட்டதற்கெல்லாம் மாறிமாறிப் பதில் சொல்லியிருக்கவேண்டும். தலைச்சுற்றென்று நினைத்து தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார்.

சனிக்கிழமை காலை வள்ளம் ஓடியது. அலை தூக்கித் தூக்கிப் போட்டது. நடுக்கடலில் தந்தியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டேன். முத்திரையில் இருந்த திகதிக்காகத்தான் விட்டேன். அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

வெள்ளை கட்டிய படலை

சின்னையா வீட்டுப் படலையில் வெள்ளைத்துணி கட்டியிருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் போயிருக்கிறார். வெள்ளி மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. நான் முதன்முறையாகத் திருநீற்றுப் பொட்டலத்தைத் திறந்து பூசிக்கொண்டது வியாழன் பின்னேரம்.

பெண்கள் என்னைக் கண்டதும் திரும்பவும் குரலெடுத்து அழுதார்கள். அது அடங்கிய பிறகு மனோ என் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள். அவளுக்கு அழக் கண்ணீர் மிச்சமிருக்கவில்லை.

“தந்தி எப்ப கிடைச்சது அண்ணை?”

“நேற்றுக் காலமை.”

அவள் தலையாட்டினாள். ஒரு சந்தேகமும் இல்லை. பிறகு அவளாகவே சொல்லத் தொடங்கினாள். திங்கள் இரவு கடுமையாகி, செவ்வாய் காலை தெளிந்திருக்கிறார். செவ்வாயும் புதனும் நல்ல நினைவு. கஞ்சிகூடக் குடித்தாராம். இரண்டு நாளும் வள்ளம் ஓடியிருக்கிறது. எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் வாறானோ பார் என்று இவளைப் படலைக்கு அனுப்பியிருக்கிறார்.

“உங்களுக்கு என்னவோ சொல்லவேணும் எண்டவர். கிணத்துக் கதையில ஒரு பிழை சொல்லிப்போட்டாராம். ‘நான் சொன்னதை அவன் அப்பிடியே எழுதிப்போடுவான், அதுக்கு முதல் திருத்தவேணும், வரச்சொல்லு’ எண்டுதான் தந்தி அடிக்கச் சொன்னவர்.”

“என்ன பிழையாம்?”

“எனக்குச் சொல்லேல்லை. உனக்கு விளங்காது, அவன் வரட்டும் எண்டிட்டார்.”

கொழும்பில் வேலை பார்த்த சின்னையாவின் மூத்த மகனுக்குக் கோபம். ஒரு தந்தி மூன்று நாள் எங்கே கிடந்தது, கந்தோருக்கு முறைப்பாடு எழுதப்போகிறேன் என்று நின்றார். நான்தான் தடுத்தேன். போனது போய்விட்டது, யாரோ பாவம் ஒருவருடைய வேலைக்கு உலை வைக்கவேண்டாம் என்றேன். என் நல்ல மனதை அங்கிருந்தவர்கள் மெச்சினார்கள். மனோவும் மெச்சினாள். முறைப்பாடு போயிருந்தால் சூசையின் கொப்பியில், செவ்வாய்க்கிழமைத் திகதியில், என் கையெழுத்து அகப்பட்டிருக்கும்.

சில மாதம் கழித்து ஊர்காவற்றுறைச் சந்தையில் சூசையைக் கண்டேன். மீன் பையோடு நின்றவர் என்னைக் கண்டதும் வந்து, போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். “அது காணும் மாஸ்ரர், அது போதும்” என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று அவருக்கு முன்னால் நின்றதைப் போல நான் யாருக்கு முன்னாலும் கூசி நின்றதில்லை.

அச்சில் போன பிழை

துடக்குக் கழிந்து கரம்பொன்னுக்குப் போனேன். அறையில் வேறொருவர் இருந்தார். கதிரவேலர் அலுமாரியைத் திறந்து தாள்களை எடுத்துத் தந்தார். அந்த வீட்டில் முடிந்த முதலாவது புத்தகம் என்னுடையதுதான் என்று ஊரெல்லாம் சொன்னார்களாம். அவர் வாயால் அதை என்னிடம் சொல்லவில்லை. முத்திரையைப் பார்த்தாரா இல்லையா என்று அவர் சாகும்வரை நான் கேட்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கமுன் மூன்று தடவை நெடுந்தீவுக்குப் போனேன். சின்னையாவின் வயதொத்தவர்கள் நாலு பேரைப் பிடித்து அந்தக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். முறையை விட்டுக்கொடுத்தது வேறு வீடு என்றார் ஒருவர். விட்டுக்கொடுக்கவில்லை, பறித்தார்கள் என்றார் இன்னொருவர். பறித்தது யார் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழங்கதை ஏன் தம்பி என்று எழுந்து போய்விட்டார். அந்த நாலு பங்கில் ஒன்று எங்கள் குடும்பத்துடையது.

பிழை எது என்று தெரியாமல் எதைத் திருத்துவது? எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்தேன். நூல் வெளிவந்தது. மதிப்புரை எழுதிய எல்லோரும் கடைசி அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள். மனிதாபிமானத்தின் உச்சம் என்று ஒருவர் எழுதினார். பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வசதியான அறைகளில் தங்கி எழுத அழைப்பு வந்ததும் அந்தப் புத்தகத்தால்தான். விண்ணப்பப் படிவங்களில் ‘உங்கள் நூலை முடிக்க உங்களுக்கு என்ன தேவை’ என்று கேட்பார்கள். அமைதியான சூழல் என்று எழுதிவிடுவேன். எல்லோரும் எழுதுவது அதுதான்.

மனோ இப்போது கனடாவில் இருக்கிறாள். அவளுக்கும் எழுபது தாண்டிவிட்டது. இந்தத் தொடரை வாராவாரம் வாசித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பாள். சென்ற மாதம் கதைக்கும்போது, ஐயாவைப் பற்றியும் ஒரு கிழமை எழுதுங்கோ அண்ணை என்றாள். அவருடைய கடைசி நாட்களில் அந்தத் தந்தி மட்டும் பிந்தாமல் வந்திருந்தால் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள். நான் வழக்கம்போல ஓம் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு அன்று முழுவதும் ஒன்றும் செய்ய ஏலாமல் இருந்தேன்.

இன்னுமொன்றும் இருக்கிறது. சூசை எங்கள் தீவில் எத்தனையோ வீடுகளுக்குச் சாவுத் தந்தி கொண்டுபோனவர். அப்படியான தந்தியைக் கொடுக்கும்போது அவர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையெழுத்து வாங்கியதும் திரும்பிவிடுவார். இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அன்று அவர் என் முகத்தைப் பார்த்தார், போகாமல் நின்றார், பிரிக்கச் சொன்னார். இது சாவில்லை, போனால் பார்க்கலாம் என்று அந்தக் கணமே எனக்குத் தோன்றியது. தோன்றியதை அமுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

மனோ, தந்தி பிந்தவில்லை. நீ அடித்த அன்றே எனக்குக் கிடைத்துவிட்டது. நீ படலைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்த அந்த இரண்டு நாளும் நான் ஐயாவின் கிணற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.